கணக்குக் கேட்கும் உரிமை: அடுக்குமாடி உரிமையாளர்களும் பராமரிப்பு நிறுவனங்களும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள், அக்குடியிருப்பைப் பராமரிக்கும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பது இந்தியப் பெருநகரங்களில் இன்று வழக்கமான நிகழ்வாகிவிட்டது. லிப்ட் அடிக்கடி நின்றுபோவது, டேங்கர் லாரித் தண்ணீருக்கு ஏறிக்கொண்டே போகும் செலவு, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்காமல் எழும் துர்நாற்றம், முன்னறிவிப்பின்றி உயர்த்தப்படும் மாதக் கட்டணம் ஆகியவையே இவ்வழக்குகளின் மனுக்களில் முதல் பக்கங்களை நிரப்புகின்றன. ஆனால் மனுவின் இறுதியில் என்ன நிவாரணம் கோரப்படுகிறது என்று பார்த்தால், அங்கே வேறொரு பொருள் முன்வந்து நிற்கும்: தணிக்கை செய்யப்பட்ட கணக்கு வேண்டும், வைப்பு நிதியை வட்டியோடு சங்கத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும், கட்டட வரைபடங்களையும் உரிமங்களையும் ஒப்படைக்க வேண்டும், பொதுப் பகுதிகளின் சாவி எங்கள் கைக்கு வர வேண்டும். சேவைக் குறைபாட்டு வழக்காகத் தொடங்கும் பூசல், அடிப்படையில் நிர்வாக அதிகாரம் யாருக்கு உரியது என்ற வழக்காகவே இருக்கிறது. நம் சட்டங்கள் இந்த இரண்டாவது கேள்விக்குக் கொள்கையளவில் உரிமையாளர்கள் பக்கம் நின்று தெளிவாக விடை சொல்லியும், அந்த விடையைக் கேட்டுப் பெறும் வழியைப் பல துண்டுகளாக உடைத்து வைத்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பராமரிப்பு நிறுவனம் எப்படி ஒரு குடியிருப்புக்குள் வருகிறது என்பதிலிருந்தே இதை விளக்க வேண்டும். கட்டுநர், அதாவது பேச்சுவழக்கில் பில்டர் எனப்படுபவர், வீடு விற்கும்போதே வாங்குபவரிடம் ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் பெறுகிறார். சில திட்டங்களில் இது கட்டுநர், நிறுவனம், வாங்குபவர் ஆகிய மூவருக்கு இடையிலான முத்தரப்பு ஒப்பந்தமாக இருக்கும். வேறு சிலவற்றில் கட்டுநரும் நிறுவனமும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள, வாங்குபவர் அதற்குக் கட்டுப்படுவதாக விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு மட்டும் இருக்கும். அந்த நிறுவனம் பல நேரங்களில் கட்டுநரின் துணை நிறுவனமாகவோ அதே இயக்குநர்களைக் கொண்ட சகோதர நிறுவனமாகவோ இருக்கிறது. கையெழுத்திடும் நாளில் கட்டடம் முடிந்திருக்காது, அண்டைவீட்டார் யாரென்று தெரியாது, சங்கம் பிறந்திருக்காது. நானூறு குடும்பங்களைப் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்போகும் நிர்வாக ஒப்பந்தத்தை, அந்த நானூறு பேரும் ஒருவரையொருவர் அறியாத நிலையில், தனித்தனியாக, ஒரு சொல்லையும் மாற்ற வழியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள். பின்னால் வரும் வழக்குகளின் வேர் பெரும்பாலும் இந்த நாளில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் பொருளாதார அமைப்பையும் கவனிக்க வேண்டும். கட்டணம் பொதுவாகச் சதுர அடிக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று கணக்கிடப்படுகிறது. நிறுவனத்தின் ஊதியமோ இரண்டு வகையில் அமையலாம். ஒன்று, மாதம் ஒரு நிலையான தொகை. மற்றொன்று, ஆன செலவுக்கு மேல் குறிப்பிட்ட விழுக்காடு நிர்வாகக் கட்டணம். இந்த இரண்டாம் முறையில் செலவு கூடக்கூட நிறுவனத்தின் வருவாயும் கூடுவதால், சிக்கனம் செய்ய நிறுவனத்துக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாமற்போகிறது; காவல், துப்புரவு, தோட்டம், டீசல், தண்ணீர் ஆகியவற்றுக்கான துணை ஒப்பந்தங்கள் நிறுவனத்தின் சொந்த வட்டத்துக்குள்ளேயே வழங்கப்படும்போது, செலவு நியாயமானதா என்று சோதிக்க வெளிவிலையும் கிடைப்பதில்லை. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளைப் போலக் குழாய்க் குடிநீர் நெடுங்காலம் எட்டாதிருந்த இடங்களில், டேங்கர் லாரிகளின் எண்ணிக்கைப் பதிவேடு ஒன்றே கணக்கின் மிகப் பெரிய வரியாக ஆகிவிடுவதுண்டு. வாயிற்காவலர் கையொப்பமிட்ட அந்தப் பதிவேட்டை உரிமையாளர் பார்க்க முடியுமா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். பெரும்பாலான வழக்குகள் அதுபோன்ற கேள்வி மறுக்கப்பட்டதிலிருந்துதான் தொடங்குகின்றன.

மாதக் கட்டணத்தைவிடப் பெரியது வைப்பு நிதி. பேச்சுவழக்கில் கார்பஸ் நிதி என்று சொல்லப்படும் இது, வீடு ஒப்படைக்கப்படும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே முறை வசூலிக்கப்படும் தொகை. லிப்ட் மாற்றுதல், வெளிப்பூச்சு, ஜெனரேட்டர் புதுப்பித்தல் போன்ற பெருஞ்செலவுகளுக்காக முதலை வைத்துக்கொண்டு வட்டியைப் பயன்படுத்துவது இதன் நோக்கம். எடுத்துக்காட்டாக, சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 50,000 ரூபாய் வாங்கினால், நானூறு வீடுகள் கொண்ட குடியிருப்பில் அது 2 கோடி ரூபாயாகும். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று கொண்டாலும் 14 லட்சம் ரூபாய் வரும். இந்தப் பணம் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறதா, அல்லது கட்டுநரின் அல்லது நிறுவனத்தின் பொதுக் கணக்கில் கலந்துவிட்டதா என்பதைப் பொறுத்தே உரிமையாளர்களின் நிலை அமைகிறது. கலந்துவிட்டால், கட்டுநர் கடனில் மூழ்கும் நாளில் தங்கள் பணத்தைத் தனியே பிரித்துக் காட்டும் சுமை உரிமையாளர்கள் தலையில் விழும். சங்கம் அமைந்த பின்னும் ஒப்படைப்பு ஏன் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது என்பதற்கு இந்தத் தொகையைவிடச் சிறந்த விளக்கம் அரிது.

ஒப்படைப்புத் தாமதத்துக்கு வரி சார்ந்த ஒரு விளைவும் உண்டு. அது பலரும் கவனிக்காதது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கீழ், உறுப்பினர்களே அமைத்த இலாபநோக்கற்ற சங்கம் தன் உறுப்பினரிடம் பொதுச் செலவுக்காகப் பெறும் தொகையில் மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. 2018 ஜனவரிக்கு முன் இது 5,000 ரூபாயாக இருந்தது. கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று வரித்துறை 2019இல் சுற்றறிக்கை விடுத்தது. அதை எதிர்த்துச் சென்னைக் குடியிருப்பு உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்கில், தாண்டும் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. 9,000 ரூபாய் கட்டணத்துக்கு 18 விழுக்காட்டில் 1,620 ரூபாய் வரியா, 270 ரூபாய் வரியா என்ற வேறுபாடு அது. ஆனால் இந்த விலக்கு சங்கத்துக்குத்தான் உண்டு. வணிக நிறுவனம் தன் பெயரில் நேரடியாகக் கட்டணம் வசூலிக்கும்போது அது பொருந்தாது. 6,000 ரூபாய் கட்டணம் செலுத்தும் வீட்டுக்காரர், வசூலிப்பது சங்கமாக இருந்தால் கட்டணத்தின் மீது வரி செலுத்த வேண்டியதில்லை. நிறுவனமாக இருந்தால் மாதம் 1,080 ரூபாய் செலுத்த வேண்டும். நிறுவனம் தான் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் இந்த முழுத் தொகையும் நட்டம் என்று கூற முடியாது. எனினும் அந்தக் கழிவின் பயன் கட்டணத்தில் பிரதிபலிக்கிறதா என்பதை அறியவும் மறுபடி கணக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில், சொத்து யாருடையது என்பதில் ஐயமே இல்லை. தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்குபவர், கட்டடம் நிற்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு ஒன்றைக் கிரயப் பத்திரத்தின் மூலம் பெறுகிறார். யுடிஎஸ் என்ற சுருக்கப்பெயரால் மக்கள் வழங்கும் இந்தப் பங்கு, நிலத்தின் மேல் எல்லா உரிமையாளர்களுக்கும் கூட்டான உடைமையை உண்டாக்குகிறது. படிக்கட்டு, மொட்டை மாடி, நடைபாதை, கிணறு, லிப்ட் ஆகியவை இந்தக் கூட்டுடைமையைச் சார்ந்தவை. வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிக்கூட, மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த நஹால்சந்த் லாலூசந்த் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு இடையிலான திறந்த நிறுத்துமிடம் பொதுப் பகுதியே, அதைத் தனி வீடுபோல் கட்டுநர் விற்க முடியாது என்று கூறியது. ஆக, பராமரிப்பு நிறுவனத்துக்கு நிலத்திலோ கட்டடத்திலோ எந்த உடைமையும் கிடையாது. அதன் கையில் இருப்பவை சாவிகளும் பதிவேடுகளும் வங்கிக் கணக்கும்தான். அவற்றை மீட்கவே உடைமையாளர்கள் நீதிமன்றம் செல்கிறார்கள்.

மீட்பதற்கான முதன்மைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், சுருக்கமாக ரெரா. 2017 மே முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் இன்றியமையாச் சேவைகளை வழங்கிப் பராமரிக்கும் கடமையைக் கட்டுநர் மீது சுமத்துகிறது. சங்கம் அமைய வழிசெய்வதும், வேறு உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடத்தில் பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் அதை அமைப்பதும் அவர் கடமையாகும். 17ஆம் பிரிவு பொதுப் பகுதிகளையும் ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. இங்கும் உள்ளூர்ச் சட்டம் வேறு காலம் வகுக்காவிட்டால், ஆவணங்களை ஒப்படைக்க நிறைவுச் சான்றிதழ் பெற்றதிலிருந்து முப்பது நாள் தரப்படுகிறது. 14ஆம் பிரிவின்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பு, வேலைப்பாடு, தரம் ஆகியவற்றில் காணப்படும் குறைகளை அறிவித்த முப்பது நாளுக்குள் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்த ஐந்தாண்டும் பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்சிக்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடுகின்றன. நீர்க்கசிவைக் கட்டுநரின் குறையாகப் பதிவு செய்ய வேண்டிய நிறுவனமே, கட்டுநரின் சகோதர நிறுவனமாக இருந்து, அதைப் பராமரிப்புச் செலவாக எழுதி உரிமையாளர்களிடம் வசூலித்தால், கட்டுநர் தாங்க வேண்டிய செலவை வீட்டுக்காரர்களே தாங்குகிறார்கள். இந்த நலமுரண் மிகக் கடுமையான ஒன்று என்றே கருத வேண்டும். சட்டம் இதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளவில்லை என்பதற்குச் சான்று அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு. ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடுவது கட்டுநர், வீடு பெறுபவர், முகவர் ஆகியோருக்கு எதிராக மட்டுமே என்று அது வரையறுக்கிறது. பராமரிப்பு நிறுவனம் என்ற ஒரு தரப்பை இச்சட்டம் எங்கும் ஒழுங்குபடுத்தவில்லை. அதற்குப் பதிவு தேவையில்லை, உரிமம் தேவையில்லை, நடத்தை விதி எதுவும் இல்லை. எனவே நிறுவனத்தை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்த்து ஆணையத்திடம் போகும் மனு, இந்த அமைப்பு அதிகாரவரம்புக்கு வெளியே உள்ளது என்ற எதிர்வாதத்தை உடனே சந்திக்கும். இதற்கு மாற்று உண்டு. 11ஆம் பிரிவின் கடமை கட்டுநருடையது. அதை வேறொருவரிடம் ஒப்படைத்ததால் அவர் பொறுப்பு நீங்கிவிடாது என்ற அடிப்படையில், நிறுவனத்தின் ஒவ்வொரு தவறையும் கட்டுநரின் கடமை மீறலாக வடிவமைத்து மனுச் செய்வதே ரெரா வழியில் பொருத்தமான உத்தி. ஆனால் கட்டுநர் ஒப்பந்தத்திலிருந்து விலகிய பின், சங்கமே நியமித்த நிறுவனத்தோடு பூசல் எழுந்தால், இந்த உத்தி பயன்படாது.

அப்போது எஞ்சுவது நுகர்வோர் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும். நுகர்வோர் சட்டம் பார்வைக்கு எளிய வழி: 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். கட்டணம் செலுத்திச் சேவையை அமர்த்தியவர் மட்டுமல்லாது, அவர் ஒப்புதலோடு அச்சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே என்பதால், தாம் நேரடியாகக் கையெழுத்திடாத ஒப்பந்தத்தின் கீழ் வரும் நிறுவனத்தின் மீதும் வீட்டுக்காரர் புகார் செய்ய இடமிருக்கிறது. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயப் பிரிவு இருக்கிறது என்று காட்டி வழக்கைத் தடுக்கும் முயற்சிக்கு, 2018 டிசம்பரில் எமார் எம்.ஜி.எப். வழக்கில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டு வீட்டை ஏற்றுக்கொண்டதால் இழப்பீட்டுரிமை போய்விடாது என்று, பெங்களூரின் பேகூர் சாலையில் அமைந்த குடியிருப்பு தொடர்பான உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்னது. தாமதமாகப் பணம் கட்டும் வாங்குபவருக்கு 18 விழுக்காடு வட்டி, தாமதமாக வீடு தரும் கட்டுநருக்கு 9 விழுக்காடு வட்டி என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமானது என்று 2019இல் பயனியர் அர்பன் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்த ஆண்டே இயற்றப்பட்ட புதிய சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தனி வகையை வரையறுத்து, அத்தகைய நிபந்தனைகளைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்கு அளித்தது. நிறுவனம் தன் விருப்பப்படி கட்டணத்தை உயர்த்தலாம், உரிமையாளர்கள் கேள்வியின்றி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைச் சோதிக்க இந்த அதிகாரம் பயன்படக்கூடியது.

இத்தனை வசதியும் தனிமனிதருக்குத்தான். சங்கம் என்ற முறையில் போனால் கதவு குறுகிவிடுகிறது. இதில் இரண்டு தீர்ப்புகளை விரிவாகப் பார்க்க வேண்டும். முதலாவது, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய சோபா ஹைபிஸ்கஸ் தீர்ப்பு. கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த உரிமையாளர் அமைப்பு ஒன்று, கட்டுநருக்கு எதிராகத் தேசிய ஆணையத்திடம் புகார் செய்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி புகார் செய்ய உரியவை தன்னார்வ நுகர்வோர் சங்கங்கள். இந்த அமைப்போ சட்டத்தின் கட்டாயத்தால் உருவானது, விரும்பிச் சேர்ந்தவர்களால் ஆனதன்று. ஆகவே அது தன்னார்வச் சங்கம் ஆகாது, புகார் நிலைக்கத்தக்கதன்று என்று முடிவாயிற்று. சொற்பொருள் அளவில் இந்த முடிவுக்கு ஒரு தர்க்கம் உண்டு என்றாலும், அதன் விளைவு கவலைக்குரியது: சங்கம் அமைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கட்டாயப்படுத்துகிறது, கட்டாயத்தால் அமைந்த சங்கம் என்பதாலேயே இன்னொரு சட்டம் அதை வாசலில் நிறுத்துகிறது. ரெரா சட்டத்தின் 31ஆம் பிரிவு வீடு பெற்றவர்களின் சங்கமும் முறையிடலாம் என்று வெளிப்படையாகச் சொல்வதை இதனோடு ஒப்பிட்டால், ஒரே சங்கம் ஒரு மன்றத்தில் வழக்காடுபவராகவும் மற்றொரு மன்றத்தில் அந்நியராகவும் நிற்பது புலப்படும்.

இரண்டாவது, 2021 டிசம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய பிரிகேட் எண்டர்பிரைசஸ் தீர்ப்பு. பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு திட்டத்தில், 51 வீடுகளை வாங்கிய 91 பேர், எல்லா உரிமையாளர்கள் சார்பிலும் கூட்டுப் புகார் செய்தனர். ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் வழக்காடும் இம்முறைக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த ஒருமித்த நலன் உண்மையில் இருக்கிறது என்பதை மனுவிலேயே போதிய விவரங்களோடு காட்ட வேண்டும், இங்கே அது காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். ஆயினும் புகாரைத் தூக்கியெறியாமல், அந்த 91 பேருக்கான கூட்டுப் புகாராக மட்டும் அது தொடரலாம் என்று அனுமதித்தது. பராமரிப்பு வழக்குகளுக்கு இத்தீர்ப்பு தரும் பாடம் மதிப்புள்ளது. வீடு தாமதமானதற்கான இழப்பு ஒவ்வொருவருக்கும் வேறுபடலாம். ஆனால் வைப்பு நிதியின் கணக்கு, பொதுப் பகுதியின் ஒப்படைப்பு, கழிவுநீர் நிலையத்தின் செயலின்மை ஆகியவற்றில் நலன் எல்லோருக்கும் ஒன்றே. எனவே தனிக்குறைகளையும் பொதுக்குறைகளையும் ஒரே மனுவில் குவிக்காமல், பொதுக்குறைகளை மட்டும் பிரித்தெடுத்து வழக்காடினால் ஒருமித்த நலனைக் காட்டுவது எளிது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் வரை நடந்த போராட்டம் முழுவதும், குறை இருந்ததா என்பதைப் பற்றியதே அன்று. குறையைச் சொல்ல இவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதைப் பற்றியதே.

உரிமையியல் நீதிமன்றத்தின் வழி பழையது, நீண்டது, ஆனால் முழுமையானது. கணக்கு ஒப்புவிக்கக் கோரும் வழக்கு, ஆவணங்களை ஒப்படைக்கக் கட்டாய உறுத்துக்கட்டளை கோரும் வழக்கு, கட்டடத்தின் நிலையை நேரில் ஆய்ந்து அறிக்கை தர வழக்குரைஞர் ஆணையரை நியமிக்கும் மனு ஆகிய எல்லாம் அங்கே கிடைக்கும். ரெரா ஆணையம் முடிவு செய்ய அதிகாரம் பெற்ற பொருள்களில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடலாகாது என்று 79ஆம் பிரிவு தடுத்தாலும், பராமரிப்பு நிறுவனம் அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராத தரப்பு என்பதாலேயே, அதன் மீதான கணக்கு வழக்குக்கு இத்தடை பொருந்தாது என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. இத்தகைய வழக்கைத் தொடுக்கக்கூடிய குடியிருப்புச் சங்கங்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் ஏட்டளவிலேயே பெரிதும் நின்றுவிட, அதற்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துள்ளது. நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதைச் சிலர் முதல் படியாக எடுக்கிறார்கள். வைப்பு நிதி கையாடப்பட்டதற்கு ஆவணச் சான்று இருந்தாலன்றி, அது உரிமையியல் பூசல் என்று திருப்பி அனுப்பப்படவே வாய்ப்பு மிகுதி.

எந்த வழியில் சென்றாலும் வெற்றியைத் தீர்மானிப்பது ஆவணம். இங்கே உரிமையாளர்கள் செய்யும் தவறு, குறைகளைப் புகைப்படங்களாகவும் வாட்ஸ்அப் செய்திகளாகவும் மட்டுமே சேர்த்து வைப்பது. லிப்ட் உரிமம் யார் பெயரில் உள்ளது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. தீயணைப்புத் துறையின் சான்று நடப்பில் உள்ளதா. கழிவுநீர் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த இசைவாணை இன்னும் கட்டுநர் பெயரிலேயே இருக்கிறதா. கருவிகளுக்கான ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எந்த நாளில் முடிகின்றன. வங்கி வட்டிக்குப் பிடித்த வரியின் சான்றிதழ் யாருடைய நிரந்தரக் கணக்கு எண்ணில் வந்திருக்கிறது. இந்தக் கேள்விகளை எழுத்தில், தேதியிட்டு, ஒப்புகையோடு கூடிய அஞ்சலில் கேட்க வேண்டும். விடை வந்தால் அது சான்று. விடை வராவிட்டால் அந்த மௌனமும் சான்றாகும். வட்டிக்கான வரிச் சான்றிதழ் எவர் பெயரில் இருக்கிறதோ, வைப்பு நிதியைத் தம் பணமாக நடத்தியவர் அவரே என்பதை எந்த நீதிமன்றமும் எளிதில் உணரும்.

உரிமையாளர்கள் பக்கத்துப் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. கோபத்தில் கட்டணத்தை நிறுத்திவைப்பது பரவலான பழக்கம். ரெராவின் 19ஆம் பிரிவு, உரிய பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துவதை வீடு பெற்றவரின் கடமையாக்கி, தாமதத்துக்கு வட்டியும் விதிக்கிறது. கட்டணத்தை நிறுத்தியவர் நீதிமன்றத்தில் முதலில் தம் பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்பைப் பதிவு செய்து கட்டணத்தைச் செலுத்துவதே அறிவுடைய வழி. வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்கள் பொதுக்குழுவுக்கு வருவதில்லை. ஒரே குடியிருப்பில் இரண்டு சங்கங்கள் பதிவாகித் தமக்குள் வழக்காடுவதும் நடக்கிறது. எந்தச் சங்கத்திடம் ஒப்படைப்பது என்று தெரியவில்லை என்ற விளக்கத்தை இப்பிளவு நிறுவனத்துக்கு இலவசமாக அளிக்கிறது. இதே 19ஆம் பிரிவு, சங்கம் அமைப்பதில் பங்கேற்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரின் கடமையாகவும் வைத்திருப்பதைப் பலர் அறியார்.

ஒன்றுபட்ட சங்கம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நொய்டாவின் எமரால்டு கோர்ட் குடியிருப்பு சான்று. தங்கள் வளாகத்தில் தங்கள் ஒப்புதலின்றி இரட்டைக் கோபுரங்கள் எழுப்பப்படுவதை எதிர்த்து அக்குடியிருப்புச் சங்கம் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சென்றது. 2014இல் அங்கும், 2021 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றத்திலும் வென்றது. 2022 ஆகஸ்டு 28 அன்று அக்கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அது கட்டுநருக்கு எதிரான வழக்கு. பராமரிப்பு நிறுவனத்துக்கு எதிரானதன்று. ஆனால் பொதுப் பகுதியில் உரிமையாளர்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கை அவர்கள் இசைவின்றிக் குறைக்க முடியாது என்ற அதன் அடிப்படை, பொதுப் பகுதியைத் தம் விருப்பப்படி ஆளும் எவருக்கும் பொருந்துவது. வழக்குச் செலவாகச் சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் வழங்குமாறு கட்டுநருக்கு உத்தரவிட்டதும் கவனிக்கத்தக்கது. ஒன்பது ஆண்டு வழக்காடக் குடும்பங்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்டன என்பதை நீதிமன்றம் அங்கே உணர்ந்து நடந்தது.

பிற நாடுகளில் இத்துறையை நேரடியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் குத்தகைமுறை வீடுகளின் பராமரிப்புக் கட்டணம் நியாயமான அளவுக்கே செல்லும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு பழுதுபார்ப்புக்காக ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டுமானால் முன்கூட்டியே வீட்டுக்காரர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். கட்டணம் நியாயமானதா என்பதைத் தனித் தீர்ப்பாயம் வரிவரியாகச் சோதிக்கும். நிர்வாகம் சீர்கெட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அத்தீர்ப்பாயமே வேறொரு மேலாளரை நியமிக்கும். நிறுவனத்தின் தவறு எதையும் மெய்ப்பிக்காமலே நிர்வாகத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை 2002ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்காரர்களுக்குத் தந்தது. ஸ்காட்லாந்தில் 2012 அக்டோபர் முதல், பதிவு பெறாத எவரும் குடியிருப்பு நிர்வாகத் தொழில் செய்ய முடியாது. அவர்களுக்கு நடத்தை விதித்தொகுப்பு உண்டு, அதை மீறினால் தீர்ப்பாயம் உண்டு. அங்கும் பூசல்கள் ஓயவில்லை என்பது உண்மைதான். எனினும் வழக்காடும் தகுதியை நிறுவவே ஆண்டுகளைக் கழிக்கும் நிலை அங்கே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் உடனே செய்யக்கூடியவை உண்டு. பராமரிப்பு நிறுவனங்கள் ரெரா ஆணையத்திடம் பதிவு பெற வேண்டும். வைப்பு நிதி முதல் நாளிலிருந்தே சங்கத்துக்கான அறக்கட்டளைக் கணக்கில் மட்டும் இருக்க வேண்டும். சங்கம் அமைவதற்கு முன் கட்டுநர் செய்த எந்தப் பராமரிப்பு ஒப்பந்தமும், சங்கத்தின் முதல் பொதுக்குழு உறுதிசெய்தாலன்றி, பொறுப்பேற்பு நாளோடு முடிவுக்கு வர வேண்டும். இவை வரும்வரை, உரிமையாளர்கள் மறக்கக் கூடாத ஒரு காலக்கெடு இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே உள்ளன. அதன் பின் தாமதத்துக்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். கணக்குக் கேட்டு இதுவரை எழுத்தில் ஒரு கடிதமும் அனுப்பாத சங்கங்கள், அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக அதை நிறைவேற்றி, அந்த வாரமே ஒப்புகையோடு கூடிய அஞ்சலில் அனுப்ப வேண்டும்.